நிரப்பிய வட்டங்கள்

நூல் கிடங்காக இருந்த அறையைக் காலி செய்து, சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, தரைக்கு ரப்பர் விரிப்புப் போட்டுத் தையல் ஆலைக்காரர்கள் குழந்தைகள் காப்பகம் திறந்த அன்றைக்கே வேலைக்குச் சேர்ந்தவள் ஆயாம்மா. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மேலே மிஷினில் உட்காரும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு வேளாவேளைக்கு ஊட்டிவிடுவது அவள் வேலை. தூங்கவைக்கவும் துணி மாற்றவும் வேறு பெண்கள் வந்தார்கள், போனார்கள். ஊட்டுவதற்கு இருபத்தொரு வருடமாக அவள் ஒருத்திதான்.

மேல்தளத்தில் நூற்றெண்பது மிஷின்கள் ஓடும்போது கீழே சுவர் லேசாக அதிரும். அந்த அதிர்விலேயே தூங்கிப் பழகிய குழந்தைகள், மின்சாரம் போய் மிஷின்கள் நின்றால்தான் திடுக்கிட்டு விழிக்கும். அறைக்கு ஒரே ஜன்னல். அதை முழுசாகத் திறந்தால் இஸ்திரிப் பிரிவின் நீராவி உள்ளே வரும் என்பதால் பாதிதான் திறந்திருக்கும். எந்தக் காலத்திலும் உள்ளே ஒரு புழுக்கம். அலமாரியில் இருபத்திரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள். எது யாருடையது என்று தெரிய, அடியில் நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தாள்.

காலை பத்து மணிக்குக் கஞ்சி. பன்னிரண்டரைக்குக் குழைய வேகவைத்த சோறும் பருப்பும். மூன்றரைக்கு ஒரு பழமோ அவித்த முட்டையோ. அடுப்பு ஒன்று, வயிறு இருபத்திரண்டு விதம். காலைக் கஞ்சிக்கு வாயைத் திறந்தபடியே காத்திருப்பாள் ஒருத்தி. மத்தியானச் சோற்றைக் கண்டால் வேண்டாத விருந்தாளியைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்னொருவன் மத்தியானம்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டான். மூன்றரைக்குப் பழத்தைத் தோலோடு கேட்பான். ஒவ்வொரு கரண்டியையும் உற்றுப் பார்த்து யோசித்துவிட்டு, திறப்பதா மூடுவதா என்று தீர்ப்புச் சொல்லும் ஒரு பெண் குழந்தைக்கு ஜட்ஜம்மா என்று பெயர். தன் கிண்ணத்தைத் தொடாமல் மற்றவர் கிண்ணங்களை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவன் மேஸ்திரி. இந்தப் பட்டங்களைக் கொடுப்பது ஆயாம்மாதான். கொடுத்தால் அது குழந்தை காப்பகத்தை விட்டுப் போகும்வரை நிலைக்கும்.

தாய்மார்களுக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது. அவர்கள் பத்தேகாலுக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிட இடைவேளையில் படியிறங்கி ஓடிவருவார்கள். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சாப்பிட்டானா?" இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், மிஷினில் போய் உட்கார்ந்து ஊசியில் விரலைக் கொடுத்துவிடுவார்கள் போல முகம் வாடிவிடும்.

"ஒரு வேளைய பாக்காத. ஒரு வாரத்த பாரு," என்பாள் ஆயாம்மா. "பெரியவங்க மாதிரி மணியடிச்சா திங்கறதுக்கு அதென்ன ஷிப்டுக்கா வந்திருக்கு? இப்ப வேணாங்குது. விடு. மூணு மணிக்கு என் விரலையும் சேத்துக் கடிக்கும்."

சொன்னபடி பெரும்பாலும் நடக்கும். செவ்வாய்க்கிழமை கிண்ணத்தைத் தட்டிவிட்டவன் புதன்கிழமை இரண்டு கிண்ணம் தின்றுவிட்டு அடுத்தவனுடையதற்கும் கையை நீட்டுவான். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எந்தக் குழந்தையும் தனக்கு வேண்டியதைத் தின்றிருக்கும். யாரும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை இது. ஆயிரக்கணக்கான வேளைகள் கரண்டி பிடித்துத் தெரிந்துகொண்டது. அவள் வாயைப் பலவந்தமாகத் திறந்து திணிக்கமாட்டாள். கரண்டியை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வேறெங்கோ பார்ப்பாள். குழந்தை தானாகவே வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். எத்தனையோ பேர் அதைப் பார்த்துச் செய்து பார்த்தார்கள், யாருக்கும் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்து பதினெட்டாவது வருடம் ஆலைக்குப் புதிதாக ஒரு நல அலுவலர் வந்தார். இளம்பெண். எல்லோரும் மேடம் என்றார்கள். நல்ல மனசு. வந்த முதல் வாரமே கொசுவலை வாங்கித் தந்தார், குடிநீர் வடிகட்டி மாட்டினார். அடுத்ததாகச் சுவரில் ஒரு சார்ட்டை ஒட்டினார். குழந்தைக்கு ஒரு வரிசை, நாளுக்கு மூன்று வட்டம். முழுசாகச் சாப்பிட்டால் வட்டத்தை முழுசாகத் தீட்ட வேண்டும். பாதி என்றால் பாதி. சாப்பிடவில்லை என்றால் வெறும் வட்டம்.

"மூணு நாள் தொடர்ந்து பாதிக்குக் கீழ இருந்தா அம்மாவைக் கூப்பிட்டு குழந்தையோட வீட்டுக்கு அனுப்பணும் ஆயாம்மா. டாக்டர் சர்ட்டிபிகேட்டோட வரட்டும். எந்தக் குழந்தையும் நம்ம கவனத்துக்கு வராம போயிடக்கூடாது," என்றார் மேடம்.

"மூணு நாள் திங்காம இருக்கறது சகஜம் மேடம். பல்லு முளைக்கும். சளி பிடிக்கும். சும்மாவேகூட இருக்கும்."

"இருக்கட்டுமே. பாத்துட்டா நல்லதுதானே?"

நல்லதுதான் என்று ஆயாம்மாவும் உண்மையாகவே தீட்டினாள். மூன்றாவது வாரம் பாக்கெட் தைக்கும் ஒருத்தியின் மகளுக்குக் கடைவாய்ப்பல் முளைத்தது. மூன்று நாள் வெறும் வட்டம். தாயைக் கூப்பிட்டு அனுப்பிவைத்தார்கள். ஐந்து நாள் கழித்துச் சர்ட்டிபிகேட்டோடு திரும்பி வந்தபோது அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இவளைத் துணிக்கட்டு சுமக்கும் வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் காப்பகத்து வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு பல்லுக்காக என் மிஷின் போயிடுச்சு ஆயாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து ஆயாம்மா எல்லா வட்டங்களையும் முழுசாகத் தீட்டினாள். நான்கு மணிக்கு மேல், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று ஒரே மூச்சில் அறுபத்தாறு வட்டம். தாய்மார்கள் பார்த்தார்கள். ஒருத்தி ஒரு நாள் பென்சில் வாங்கி வந்து கொடுத்தாள். ஒரு மாதத்தில் அந்தக் காப்பகத்துக் குழந்தைகளைப் போல் வயிறாரத் தின்கிற குழந்தைகள் உலகத்திலேயே கிடையாது என்று ஆகிவிட்டது. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். மேலிடத்திலிருந்து வந்தவர்கள் சார்ட்டைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வருடம் இப்படியே போனது. அதனால் யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை. அதுதான் பின்னால் அவளை அதிகம் அரித்தது. ஆரம்பத்திலேயே ஏதாவது சின்னதாகத் தப்பு நடந்திருந்தால் நிறுத்தியிருப்பாள்.

பட்டன் மிஷின்காரியின் மகன் பதினோரு மாதக் குழந்தையாகக் காப்பகத்துக்கு வந்தான். அவளுக்கு இருபத்துமூன்று வயது. புருஷன் சரக்கு லாரியில் போனால் பத்து நாள், பதினைந்து நாள் என்று திரும்பமாட்டான். பையன் நல்ல கொழுகொழு என்றிருந்தான். காலையில் ஒன்றும் வேண்டாம், மத்தியானம் வயிறு முட்டச் சோறு, அதற்கப்புறம் அரைப் பழம் என்று இரண்டே நாளில் தன் ஒழுங்கைக் காட்டிவிட்டான். ஆயாம்மாவுக்கு அவன் போக்கைக் கண்டுபிடிக்கச் சிரமமே இருக்கவில்லை.

பதினாலாவது மாதத்தில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரெங்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் வந்த சளிக்காய்ச்சல்தான். ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினான். மத்தியானச் சோற்றில் நாலு வாய் வாங்கிவிட்டுத் தலையைத் திருப்பினான்.

"காய்ச்சல் விட்டு பசி வர பத்து நாள் ஆகும்," என்றாள் ஆயாம்மா.

பட்டன் மிஷின்காரி தலையாட்டினாள். ஆயாம்மா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

பத்து நாள் இருபது நாளானது. அவன் நாலு வாய் வாங்குவான். பின்னால் சாய்ந்துகொள்வான். ஒரு பெருமூச்சு விடுவான். கண் செருகும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். "பென்ஷன்காரருக்குப் போதுமாம்," என்றாள் ஆயாம்மா ஒரு நாள். துணி மாற்றுகிற பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவன் பென்ஷன்காரர்.

சாப்பிடும்போது அவன் நெற்றியில் பொடிப்பொடியாக வேர்க்கும். பக்கத்துக் குழந்தைகளுக்கு வேர்க்காதபோதும் வேர்க்கும். ஆயாம்மா தோளில் கிடக்கும் துண்டால் துடைத்துவிடுவாள். இந்த ஜன்னலை என்ன செய்வது என்று நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு வேளையும் துடைத்தாள்.

"மூணரைக்குக் கால் பழம்தான் சாப்பிட்டான்," என்று அவள் சொன்ன ஒரு நாள் பட்டன் மிஷின்காரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"சார்ட்ல முழுசாவே போட்டுருங்க ஆயாம்மா. இப்பதான் எனக்கு மிஷினை நிரந்தரமா குடுத்திருக்காங்க. இப்ப எழுப்பிட்டாங்கன்னா அவ்வளவுதான்."

"போடாம? நீ போ. வாரத்த பாரு."

ஆனால் வாரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியவள் ஆயாம்மா. கூட்டிப் பார்த்தாளா என்றால், இல்லை. அவள் தலையில் இருபத்திரண்டு குழந்தைகளின் வேளைகள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவளே நம்பியிருந்தாள். வட்டங்களை முழுசாகத் தீட்ட ஆரம்பித்த பிறகு அந்த நினைப்பு மெல்ல மங்கிப்போனது அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டூலில் ஏறி, அவன் வரிசையில் மூன்று வட்டத்தைத் தீட்டி இறங்கும்போது, அவன் சாப்பிட்டுவிட்டான் என்ற எண்ணம் எப்படியோ அவள் மனதிலும் ஒட்டிக்கொண்டது.

ஒரு மாதம் கழிந்து காலையில் வந்த பட்டன் மிஷின்காரி சந்தோஷமாகக் குழந்தையின் முகத்தைப் பிடித்துக் காட்டினாள். "கன்னம் வந்திருக்குல்ல?" ஆயாம்மாவும் பார்த்தாள். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல," என்றாள்.

மாதம் ஒருமுறை எடை பார்க்க ஒரு நர்ஸ் வருவாள். அந்த மாதம் பையனின் கை கால் மெலிந்திருக்கிறது, இரண்டு மாதமாக எடை ஏறவில்லை என்று சீட்டு எழுதி, கூடவே சார்ட்டின் நகல் ஒன்றையும் இணைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பட்டன் மிஷின்காரி அரை நாள் லீவு போட்டு, கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்று டாக்டரைப் பார்த்தாள்.

மறுநாள் இடைவேளையில் அவள்தான் சொன்னாள். "வயித்துல கோளாறு இருக்கும்னு நெனைக்கறாங்க ஆயாம்மா. மூணு வேளையும் நல்லா சாப்பிடறான், ஆனா உடம்புல ஒட்ட மாட்டேங்குதுன்னு சொன்னாங்க. பூச்சி மருந்து குடுத்திருக்காங்க. பாலை நிறுத்தச் சொன்னாங்க. என்னென்னவோ டெஸ்டு எழுதியிருக்காங்க."

ஆயாம்மா கையில் கரண்டி இருந்தது. "நல்லா சாப்பிடறான்னு யாரு சொன்னா?"

"அந்த சார்ட்டை கையில வச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு. இதுல இருக்கற மாதிரிதானேம்மான்னு. ஆமான்னு சொன்னேன்." அவள் குரல் இறங்கியது. "வேற என்ன சொல்றது? மறுபடி அந்தச் சீட்டு இங்கதானே வரும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மணி அடித்தது. பட்டன் மிஷின்காரி படியேறிப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆயாம்மா தன் புருஷனிடம் சொன்னாள். அவர் பெயின்டர். தோள்பட்டை விழுந்துபோய் இரண்டு வருடமாக வீட்டில்தான் இருந்தார். காய் நறுக்கியபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"டாக்டருக்குத் தெரியாதா? சார்ட்டப் பாத்தா வைத்தியம் பண்ணுவாங்க? குழந்தையப் பாத்துப் பண்ணுவாங்க," என்றார்.

"கூட்டம் அப்படிங்க. ஒரு குழந்தைக்கு மூணு நிமிஷம் பாக்கறாரு. பேப்பர்ல இருக்கறததான் பாக்க முடியும்."

"அப்போ போய்ச் சொல்லிடு."

"சொன்னா மேடத்துக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கு வேலை போகும். எல்லாப் பிள்ளைங்க வட்டமும் பொய்யின்னு ஆகும்."

"அப்போ சொல்லாத," என்றார் அவர். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "என்னைக் கேட்டா நான் என்னத்தச் சொல்றது," என்றார்.

பூச்சி மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருந்தாள். இரண்டாவது முறை டாக்டரைப் பார்த்து வந்தார்கள். வேறொரு மருந்து. ஆக மொத்தம் பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் அவள் ஒவ்வொரு மத்தியானமும் அவனை முதலில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கஞ்சியாகக் கரைத்துப் பார்த்தாள், பழத்தில் பிசைந்து பார்த்தாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே அவன் ஓடிவந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான். அதையும் அவள் பார்த்தாள்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மூன்றாவது வாயை வாங்கியவன் அதை விழுங்கவில்லை. நெற்றி, கழுத்து எல்லாம் நனைந்திருந்தது. உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆயாம்மா அவன் வாயிலிருந்த சோற்றை விரலால் வழித்து எடுத்தாள். மற்ற குழந்தைகளைத் துணி மாற்றுகிற பெண்ணிடம் விட்டுவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாக அந்தப் படிகளில் ஏறி, மிஷின்களின் நடுவே போய்ப் பட்டன் மிஷின்காரியின் தோளைத் தொட்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பட்டன் மிஷின்காரியின் முந்தானையில் இரண்டு மூன்று பட்டன்கள் சிக்கியிருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அதே டாக்டர். கட்டில் ஓரம் நின்று பழைய சீட்டோடு இணைத்திருந்த சார்ட் நகலைப் புரட்டினார். ஆயாம்மா அதன்மேல் கையை வைத்தாள்.

"அது பொய் டாக்டர். அவன் சாப்பிடறதே இல்ல. ரெண்டு மாசமா ஒரு வேளைக்கு நாலு வாய்தான். நான்தான் ஊட்டறவ. நான்தான் எழுதினேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. "சாப்பிடும்போது வேர்க்குமா?" என்று கேட்டார்.

"வேர்க்கும்."

"தலை நனையற மாதிரியா?"

"ஆமா. நெத்தி, தலை. தொடச்சுத் தொடச்சு விடுவேன்."

"நடுவுல களைச்சுப் போயிடுவானா?"

"சாஞ்சுக்குவான்." அவன் பட்டம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இருதயம் வீங்கிப்போய் இருந்தது. அந்தக் காய்ச்சலின் கிருமி இருதயத் தசையைப் பலவீனப்படுத்தியிருக்க வேண்டும் என்றார்கள். ஒரு கரண்டி சோற்றை விழுங்குவதே அவனுக்கு மலையேறுகிற வேலையாக இருந்திருக்கிறது. முகத்தில் வந்த கன்னம் சதை இல்லை, நீர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் வழியாக உணவு போனது. லாரிக்காரன் பாதி வழியில் சரக்கை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தான். ஆயாம்மா வேலை முடிந்து தினமும் போனாள். உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருவாள். பதினோராம் நாள் காலை, காப்பகத்தில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மடியில் இருந்த குழந்தைக்கு இன்னும் பாதிக் கிண்ணம் பாக்கி இருந்தது. ஊட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

முதலில் பார்த்த டாக்டரைத் தேடிப் போய் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முன்னாடியே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பானா?"

"சில குழந்தைங்க பிழைக்கும். சிலது முதல் நாளே கண்டுபிடிச்சாலும் பிழைக்காது. இவன் எதுல சேத்தின்னு எனக்குத் தெரியலம்மா," என்றார். பொய் சொல்லித் தேற்றத் தெரியாத மனிதர். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று அவள் வந்துவிட்டாள்.

மேடம் சார்ட்டின் நகல்களை ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தார். "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு ஆயாம்மா. மூணு வேளையும் குடுத்திருக்கோம். பதிவு இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க."

"அந்தப் பதிவு பொய் மேடம். அவனோடது மட்டுமில்ல. ரெண்டு வருஷமா எல்லாமே."

மேடம் கோப்பின் கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கடைசியில் சொன்னது இதுதான்: "இதை இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மறுநாளிலிருந்து ஆயாம்மா உண்மையை எழுதினாள். முதல் வாரத்திலேயே இரண்டு தாய்மார்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஜட்ஜம்மாவின் தாய் காலர் தைப்பவள், கைதேர்ந்தவள். திரும்பி வந்தபோது அவளுக்கும் மிஷின் இல்லை. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். வெறுமனே சோறு பிடிக்காத வாரம், அவ்வளவுதான். விதியை மாற்றச் சொல்லி ஆயாம்மா மேடத்திடம் கேட்டாள். மேடம் மேலே எழுதினார். ஒரு குழந்தை இறந்த இடத்தில் விதியைத் தளர்த்துவது முடியாது என்று பதில் வந்தது. தாய்மார்கள் ஒவ்வொருத்தியாகக் குழந்தைகளைக் காப்பகத்திலிருந்து எடுத்தார்கள். பக்கத்து வீட்டில், தெரு முனையில், யாரோ ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். அங்கே யாரும் எதையும் பார்க்கப்போவதில்லை, வேர்த்தாலும் கேட்கப்போவதில்லை. இருபத்திரண்டு கிண்ணத்தில் பதின்மூன்று மிஞ்சியது.

அந்தப் பதின்மூன்றும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. இது அவள் எதிர்பார்க்காதது. கரண்டியை உதட்டருகே கொண்டுபோனால் அவளால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை. நெற்றியைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், எத்தனையாவது வாய் என்று உதடு தானாக முணுமுணுத்தது. குழந்தைகளுக்கு அது எப்படியோ தெரிந்துவிடும். ஜன்னல் வழியே தெரிந்த நாய்க்குட்டியைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்த குழந்தைகூட அவள் முகத்தைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டது. ஒரு நாள் மேஸ்திரியின் வாயில் அவள் கரண்டியைத் திணித்தாள். அவன் குமட்டி, முழுவதையும் அவள் மடியில் வாந்தியெடுத்தான். இருபத்தொரு வருடத்தில் அவள் அதுவரை செய்யாத காரியம். மடியைக் கழுவிக்கொண்டு நேராகப் போய் வேறு பிரிவு கேட்டாள்.

இப்போது அவள் கடைசிப் பிரிவில் நூல் வெட்டுகிறாள். தைத்து வந்த சட்டையில் தொங்கும் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கிப் போடும் வேலை. காப்பகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அங்கே வட்டங்கள் மறுபடி முழுசாகிவிட்டன என்று கேள்விப்பட்டாள். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் பொறுமையாகக் கேட்டாள். "எனக்குத் தெரியும் ஆயாம்மா. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள். "வேர்க்குதான்னு மட்டும் பாரு," என்று சொல்லிவிட்டு ஆயாம்மா திரும்பி வந்தாள்.

பட்டன் மிஷின்காரி ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். மிஷினை அவளுக்கே விட்டுவைத்திருந்தார்கள். இருவரும் வாசலில், வரிசையில், குழாயடியில் தினமும் எதிர்ப்பட்டார்கள். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தலையை லேசாக அசைத்துவிட்டுப் போய்விடுவாள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு மத்தியானம், குழாயடியில் வேறு யாரும் இல்லாதபோது, டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"நான்தான் போடச் சொன்னேன். இல்லேங்கல."

ஆயாம்மா தன் டப்பாவைக் குழாய்த் திட்டில் வைத்தாள்.

"எனக்கு வேலை போயிடும்னு பயம். அவன் திங்கறத ஒரு வேளைகூட பக்கத்துல உக்காந்து பாத்ததில்ல நான். நீங்க மூணு வேளையும் பாத்தீங்க." குரலில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை திரும்பக் கேட்பது போலத்தான் கேட்டாள். "பாத்துக்கிட்டே எப்படி ஆயாம்மா போட்டீங்க?"

"தெரியலம்மா," என்றாள் ஆயாம்மா. அது உண்மை. அதைத்தான் அவளும் அந்த ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

பட்டன் மிஷின்காரி டப்பாவை உதறி மூடினாள். "கேக்கணும்னு இருந்துச்சு," என்றாள். மணி அடித்தது. இருவரும் அவரவர் தளத்துக்குப் போனார்கள். அதற்கடுத்த மாதம் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். எங்கே போனாள் என்று ஆயாம்மா யாரிடமும் விசாரிக்கவில்லை.